சுருக்கப் பெயர்களை டேக்குக்குள் போட்டால் போதுமா?

நீங்கள் கேட்டது இது. தமிழில் அரசு வேலைவாய்ப்பு, போட்டித் தேர்வு அறிவிப்புகளைத் தொகுத்துத் தரும் தளம் ஒன்றை நடத்துகிறீர்கள். வரிக்கு வரி சுருக்கப் பெயர்கள். திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடரில் கேட்கும்போது பாதிப் பெயர்கள் பிடிபடவில்லை என்று பார்வையற்ற தேர்வர் ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லாச் சுருக்கங்களையும், ‘இது சுருக்கம்’ என்று உலாவிக்குச் சொல்லும் ஏபிபிஆர் (abbr) டேக்குக்குள் வைத்து, அதன் டைட்டில் (title) பண்பில் முழுப்பெயரைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? பழைய பக்கங்களில் அதே வேலைக்காகக் கிடக்கும் அக்ரோனிம் (acronym) டேக்கை என்ன செய்வது?

டேக் மட்டும் போட்டால் வேலை முடியாது. முழுப்பெயர் எல்லோரும் படிக்கும் வாக்கியத்திலேயே இருக்க வேண்டும். டேக் அதற்கு மேல் ஒரு கூடுதல் வசதி, அவ்வளவுதான். முழுப்பெயரை டைட்டிலில் மட்டும் வைப்பது, அதைப் பெரும்பாலானவர்களிடமிருந்து மறைத்து வைப்பதற்குச் சமம்.

டைட்டில் பண்பில் எழுதியது யாருக்குத் தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். மவுஸ் வைத்திருப்பவர், அதுவும் அந்தச் சொல்லின் மேல் அம்பைக் கொண்டுபோய்ச் சற்று நிறுத்துபவர். போனில் படிப்பவருக்கு அம்பே கிடையாது. வேலைவாய்ப்புச் செய்தி படிப்பவர்களில் போனில் படிக்காதவர் எத்தனை பேர்? கீபோர்டு மட்டும் பயன்படுத்துபவர் டேப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் இணைப்புகளிலும் பொத்தான்களிலும் நிற்பார். ஏபிபிஆர் டேக்கில் நிற்க மாட்டார். திரையைப் பலமடங்கு பெரிதாக்கிப் படிக்கும் குறைபார்வையினருக்கு டைட்டிலைக் காட்டும் அந்தச் சின்னப் பெட்டி பார்வைக்கு வெளியே போய் விழும், எழுத்தின் அளவை மாற்றவும் வழியில்லை. அச்செடுத்தால் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் அறிவிப்பை யாராவது நகலெடுத்து வாட்ஸ்அப் குழுவில் ஒட்டினால் டைட்டில் கூடப் போகாது. உங்கள் பக்கத்தை விட அந்த நகலைத்தான் அதிகம் பேர் படிக்கப் போகிறார்கள். டைட்டில் பண்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று, வலைப்பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் (HTML) தரநிலையே சொல்கிறது.

சரி, ஸ்கிரீன் ரீடராவது அதைப் படிக்குமா? அதுவும் உறுதியில்லை. ஜாஸ் (JAWS) என்ற ஸ்கிரீன் ரீடரில் சுருக்கங்களை விரித்துச் சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு. ஆனால் நிறுவியதும் அது அணைந்த நிலையில்தான் இருக்கும். தேடிப்போய் இயக்கியவர்களுக்கே பயன். மற்ற ஸ்கிரீன் ரீடர்களில் பதிப்புக்குப் பதிப்பு, உலாவிக்கு உலாவி நடத்தை மாறுகிறது. என்விடிஏ (NVDA) என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம், நீங்களே நிறுவி உங்கள் பக்கம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். மானிட்டரை அணைத்துவிட்டுக் கேட்டால் இன்னும் தெளிவாகப் புரியும்.

இதுவரை சொன்னது எந்த மொழிப் பக்கத்துக்கும் பொருந்தும். தமிழில் எழுதும்போது இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஆங்கிலச் சுருக்கங்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது தகவல் தொலைகிறது. மத்தியப் புலனாய்வு அமைப்பு சிபிஐ. இந்திய கம்யூனிஸ்ட் கட்சியும் சிபிஐ. நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணும் சிபிஐதான். ஆங்கிலத்தில் நடு எழுத்து முதலாவதற்கு ஒன்று, மற்ற இரண்டுக்கும் வேறொன்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘பி’. ‘சிபிஐ விசாரணை வேண்டும்: சிபிஐ கோரிக்கை’ என்று ஒரு தலைப்பு வந்தால், கண்ணால் படிப்பவர் செய்தியின் போக்கை வைத்து ஊகித்துக்கொள்வார். காதால் கேட்பவருக்கும் அதே ஊகம்தான் கதி, ஏனென்றால் தமிழ்க் குரல் இரண்டையும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கும்.

உங்கள் துறையில் இது இன்னும் மோசம். டிஆர்பி என்றால் ஆசிரியர் தேர்வு வாரியம். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பார்வையாளர் மதிப்பீடும் டிஆர்பி. பிசி என்றால் பிற்படுத்தப்பட்ட வகுப்பா, காவலர் பணியா, மேசைக் கணினியா? காவலர் தேர்வு அறிவிப்பு ஒன்றில் மூன்றுமே வர வாய்ப்பு உண்டு. டிசி என்றால் பள்ளி மாற்றுச் சான்றிதழும் ஆகலாம், காவல் துணை ஆணையரும் ஆகலாம். ஆசிரியர் தகுதித் தேர்வை ‘டெட்’ என்று எழுதுகிறோம். அதைக் கேட்கும்போது மனதில் எழும் ஆங்கிலச் சொல் வேறு. ‘டெட் முடிவுகள் வெளியீடு’ என்று ஒரு குரல் திடீரென்று சொன்னால் கொஞ்சம் திடுக்கென்றுதான் இருக்கும்.

இன்னொன்று, தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆங்கிலப் பக்கத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு சொல்லைப் பார்த்ததும் அது சுருக்கம் என்று கண்ணுக்கும் தெரிகிறது, மென்பொருளுக்கும் ஓரளவு தெரிகிறது. நம்மிடம் நீட், செட், நெட், எய்ம்ஸ் எல்லாம் சாதாரணச் சொற்களைப் போலவே நிற்கின்றன. இதனால்தான், பக்கத்தை எல்லோராலும் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் அணுகல்தன்மைச் சோதனைக் கருவி எதுவும் தமிழ்ப் பக்கத்தில் விளக்கப்படாத சுருக்கங்களைக் கண்டுபிடித்துச் சொல்லாது. பிழை ஒன்றும் இல்லை என்று அது பச்சைக் குறி காட்டினால் நம்பிவிடாதீர்கள். இந்த விஷயத்தில் அது எதையும் சோதிக்கவே இல்லை.

தமிழிலேயே பிறந்த சுருக்கங்களின் கதை வேறு. கி.மீ., ரூ., எ.கா., கி.பி., செ.மீ. போன்றவை புள்ளியோடு வருகின்றன. கட்சிப் பெயர்களில் புள்ளி ஏறக்குறைய உதிர்ந்துவிட்டது: திமுக, அதிமுக, பாமக, விசிக. கேட்பவருக்குப் புள்ளி இல்லாததே நல்லது. புள்ளி இருந்தால் சில குரல்கள் ஒவ்வொரு எழுத்துக்குப் பிறகும் வாக்கியம் முடிந்ததுபோல் நின்று நின்று படிக்கும். நிறுத்தற்குறிகளைச் சொல்லும் அளவைக் கூட்டி வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு எழுத்துக்கு நடுவிலும் புள்ளி, புள்ளி என்று வரும். திமுக என்று சேர்த்து எழுதினால் ககரம் கொஞ்சம் குழைந்து ஒலிக்கும். ஆனால் யாருக்கும் குழப்பம் வராது. அளவைகளை மட்டும் முழுதாக எழுதிவிடுவது என் வழக்கம். ‘தேர்வு மையம் 12 கிலோமீட்டர் தொலைவில்’ என்று எழுதுவதால் என்ன இடம் மிச்சமாகாமல் போய்விடப் போகிறது? எதைத் தேர்ந்தெடுத்தாலும் தளம் முழுக்க ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரு பக்கத்தில் தி.மு.க., இன்னொன்றில் திமுக என்று இருந்தால் பக்கத்துக்குள் தேடுபவருக்கு ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது.

இனி, எப்படி எழுதுவது. ஒவ்வொரு பக்கத்திலும் முதன்முதலாக வரும் இடத்தில் முழுப்பெயரை எழுதி, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் சுருக்கத்தைக் கொடுங்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் முழுக்கச் சுருக்கமே போதும். ஒவ்வொரு பக்கத்திலும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், உங்கள் வாசகர் முகப்பிலிருந்து வரிசையாகப் படித்து வருபவர் அல்ல. கூகுளில் தேடி நேராக உள்பக்கத்தில் வந்து இறங்குகிறார். நேற்றைய அறிவிப்பில் விளக்கியது இன்றைக்கு அவருக்கு உதவாது. தலைப்பில் சுருக்கம் வந்தால் முதல் வாக்கியத்திலேயே விரித்துவிடுங்கள்.

எது முன்னால், எது பின்னால் என்பது அந்தப் பெயர் எப்படிப் புழங்குகிறது என்பதைப் பொறுத்தது. நீட் என்பதை ‘தேசிய தகுதி மற்றும் நுழைவுத் தேர்வு’ என்று தொடங்கினால் பலருக்கு ஒரு நொடி புரியாது. ‘நீட் எனப்படும்’ என்று தொடங்குவதே இயல்பு. ‘பிஎஸ்டிஎம்’ என்பதில் தலைகீழ்: தமிழ் வழியில் பயின்றோர் என்பது உடனே புரியும், சுருக்கம்தான் புதிர்.

விரிவை எந்த மொழியில் தருவது? இங்கே தமிழ் முழுப்பெயருக்கும் சுருக்கத்துக்கும் எழுத்துப் பொருத்தமே இருக்காது. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் டிஆர்பி வராது. ‘டீச்சர்ஸ் ரெக்ரூட்மென்ட் போர்டு’ என்று தமிழெழுத்தில் எழுதினால் எழுத்து பொருந்தும். ஆனால் யாருக்கு விளங்க வேண்டுமோ அவருக்கு விளங்காது. பொருளைத் தமிழில் கொடுங்கள். வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களும் ‘விரிந்த வடிவம் அல்லது பொருள்’ என்றுதான் கேட்கின்றன, இரண்டில் ஒன்று போதும். அதோடு சுருக்கத்தை ஆங்கில எழுத்திலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். சிபிஐ, டிஆர்பி வகைக் குழப்பம் அதில் தீர்ந்துவிடும். தேர்வர் அதிகாரபூர்வத் தளத்தில் தேடப் போவதும் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான்.

ஆங்கில எழுத்தைக் காட்டும் இடத்தில் மொழியையும் குறியுங்கள். பக்கத்தின் மேலே ஹெச்டிஎம்எல் டேக்கில் மொழியைக் குறிக்கும் லாங் (lang) பண்பு தமிழுக்கான ‘டிஏ’ (ta) என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வார்ப்புருவோடு வந்த ஆங்கிலக் குறியீட்டை மாற்றாமலே ஓடும் தமிழ்த் தளங்கள் ஏராளம். அப்புறம், ஆங்கில எழுத்துகளைச் சுற்றி, ஒரு துண்டைத் தனியாகக் குறிக்க உதவும் ஸ்பான் (span) டேக் போட்டு அதற்கு மட்டும் ஆங்கிலத்துக்கான ‘இஎன்’ (en) என்று கொடுங்கள். இதில் ஒரு பொறி உண்டு. ஏபிபிஆர் டேக்கின் மேலேயே ஆங்கிலம் என்று குறித்துவிட்டு, அதே டேக்கின் டைட்டிலில் தமிழ் முழுப்பெயரை எழுதினால், டைட்டிலும் ஆங்கிலம் என்றுதான் கணக்கு. ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கப் புறப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏபிபிஆர் வெளியே தமிழாக இருக்கட்டும். ஆங்கிலக் குறி உள்ளே எழுத்துகளை மட்டும் சுற்றும் ஸ்பானில் இருக்கட்டும்.

டேக் போடுவதாக முடிவு செய்தால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது தமிழில் ஒரு தலைவலி. நம் மொழியில் சுருக்கம் தனியாக நிற்காது. வேற்றுமை உருபு வந்து ஒட்டிக்கொள்ளும். ‘டிஆர்பியின்’ என்ற முழுச் சொல்லையும் டேக்குக்குள் வைத்து டைட்டிலில் ‘ஆசிரியர் தேர்வு வாரியம்’ என்று போட்டால், விரித்துப் படிக்கும் ஸ்கிரீன் ரீடரில் ‘இன்’ காணாமல் போகும். ‘டிஆர்பி’யை மட்டும் உள்ளே வைத்து ‘யின்’ வெளியே விட்டால் ‘ஆசிரியர் தேர்வு வாரியம்யின்’ என்று வரும். சுருக்கம் பன்மையில் இருந்தால் விரிவும் பன்மையில் இருக்க வேண்டும் என்று ஹெச்டிஎம்எல் தரநிலை சொல்கிறது; உருபுகளைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை, பாவம், எழுதியவர்களுக்கு எட்டு வேற்றுமை கிடையாது.

இதைவிடச் சங்கடமானது ‘ஐஏஎஸாக’ போன்ற இடம். ஸ் என்ற மெய்யும் ஆ என்ற உயிரும் சேர்ந்து ஸா ஆகிவிட்டன. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறியில் (யூனிகோடு) அது ‘ஸ’வும் துணைக்காலும். டேக்கை இரண்டுக்கும் நடுவில் முடித்தால் உள்ளே ‘ஐஏஎஸ’ என்று தவறான சொல் நிற்கும், வெளியே துணைக்கால் அநாதையாக நிற்கும். சில இடங்களில் புள்ளிகளால் ஆன வட்டத்தோடு தனியாகத் தெரியும். ‘நீட்டில்’ என்பதை ‘நீட்’, ‘டில்’ என்று வெட்டலாம், எழுத்து உடையாது. ஆனால் உச்சரிப்பு இரண்டு துண்டாகும் அபாயம் உண்டு.

இதற்கு நான் பின்பற்றுவது எழுத்துநடைத் தீர்வு. டேக் போடும் அந்த முதல் இடத்தில் சுருக்கம் எழுவாயாக, உருபு இல்லாமல் வரும்படி வாக்கியத்தை அமைத்துவிடுகிறேன். ‘டிஆர்பியின் அறிவிப்பு’ என்பதை ‘டிஆர்பி வெளியிட்ட அறிவிப்பு’ என்று மாற்றலாம். ‘நீட்டில்’ என்பதை ‘நீட் தேர்வில்’ என்று எழுதினால் உருபு தேர்வோடு போய்விடும். பின்னால் வரும் இடங்களில் டேக்கே போட வேண்டாம். எத்தனை உருபு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளட்டும். இப்படி மாற்றி எழுதினால் வாக்கியம் பெரும்பாலும் முன்பைவிடத் தெளிவாகவே அமைகிறது.

எல்லாச் சுருக்கத்தையும் விரிக்கவும் வேண்டாம். ஏடிஎம், டிவி, சிம் கார்டு, பான் கார்டு எல்லாம் பெயராகவே ஆகிவிட்டவை. பான் என்பதன் விரிவு தெரிந்து யாருக்கு என்ன ஆகப் போகிறது? ரேடாரும் லேசரும் சுருக்கங்கள் என்பதே பலருக்கு நினைவில்லை. முழுப்பெயரைக் கேட்டால் வாசகருக்குக் கூடுதலாக ஏதாவது புரியுமா என்று பாருங்கள். புரியாது என்றால் விடுங்கள். ஏபிபிஆர் டேக்கும் கட்டாயமல்ல, தேவைப்படும் இடத்துக்கானது என்றுதான் தரநிலையும் வைத்திருக்கிறது.

உங்கள் தளத்தில் உண்மையான நெருக்கடி பத்திகளில் இல்லை, காலியிட அட்டவணைகளில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, ஆதிதிராவிடர் 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1. இவை அட்டவணையில் பிசி, பிசிஎம், எம்பிசி, எஸ்சி, எஸ்சிஏ, எஸ்டி என்று நெடுவரிசைத் தலைப்புகளாகின்றன. முன்னால் பொதுப்பிரிவுக்கு ஜிடி. ஒவ்வொன்றிலும் பெண்களுக்கான பிரிவு, தமிழ் வழியில் பயின்றோருக்கான பிரிவு. ஸ்கிரீன் ரீடரில் அட்டவணைக்குள் பக்கவாட்டில் நகரும்போது, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நெடுவரிசைத் தலைப்பை வாசித்துவிட்டுத்தான் எண்ணைச் சொல்லும். ‘ஜிடி டபிள்யூ பிஎஸ்டிஎம், 2’ என்று கேட்டால் தலைசுற்றும். அதற்காக ‘பொதுப்பிரிவு, பெண்கள், தமிழ் வழியில் பயின்றோர்’ என்று தலைப்பில் முழுதாக வைத்தால், ஒவ்வொரு கட்டத்துக்கும் இத்தனை நீளத்தைக் கேட்க வேண்டும். அதுவும் தொல்லை.

அட்டவணைக்கு மேலே, ஆம், கீழே அல்ல, சுருக்கங்களின் விளக்கத்தை ஒரு சிறு பட்டியலாக வையுங்கள். கேட்பவர் மேலிருந்து கீழாக வருகிறார்; நட்சத்திரக் குறி போட்டு அடியில் விளக்கினால் அட்டவணை முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான் பொருள் கிடைக்கும். தலைப்புகளைக் குறுகிய தமிழில் எழுத முடிந்தால் இன்னும் நல்லது: ‘பொது’, ‘பொது பெண்’ என்பது ஜிடி டபிள்யூவைவிடக் குறைவாகவே நேரம் எடுக்கும். தலைப்புக் கட்டத்துக்கான டிஹெச் (th) டேக்கில் ஏபிபிஆர் என்ற பெயரிலேயே ஒரு பண்பு இருக்கிறது. பெயர் ஒன்றுதான், வேலை நேர் எதிர்: நீண்ட தலைப்பைத் திரையில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் குறுகிய வடிவத்தை அதில் கொடுக்கலாம். எல்லா ஸ்கிரீன் ரீடரும் அதை மதிப்பதில்லை, ஆனாலும் கொடுத்து வைப்பதில் நஷ்டம் இல்லை.

செய்யக் கூடாதவை சில. ஸ்பானிலோ ஏபிபிஆரிலோ, ஸ்கிரீன் ரீடருக்கு மட்டும் ஒரு பெயரைச் சொல்லும் ஏரியா-லேபிள் (aria-label) பண்பைப் போட்டு முழுப்பெயரைப் படிக்க வைக்கும் உத்தி பரவலாகச் சொல்லப்படுகிறது. வெறும் ஸ்பானுக்கு அப்படிப் பெயர் சூட்டக் கூடாது என்று 2023இல் இறுதியான ஏரியா 1.2 தரநிலை தெளிவாகச் சொல்கிறது. வேலை செய்யும் இடங்களிலும் அது எழுத்தை மாற்றி வைத்துவிடும்: பிரெய்ல் கருவியில் விரலால் படிப்பவருக்குச் சுருக்கமே கிடைக்காது, எழுத்துக்கூட்டிப் பார்க்கவும் வழியிருக்காது. படிவத்தில் ‘பிஎஸ்டிஎம்’ என்று எழுத வேண்டிய தேர்வருக்கு அந்த எழுத்துகள் தெரிந்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் திரைக்கு வெளியே முழுப்பெயரை ஒளித்து வைப்பதும் வேண்டாம். பார்வையுள்ள, ஆனால் சுருக்கங்களை நினைவில் வைக்கச் சிரமப்படும் வாசகர் அதில் விடுபட்டுப் போகிறார். உச்சரிப்பைச் சரிசெய்ய எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடுவது, தேடலையும் நகலெடுப்பதையும் ஒருசேரக் கெடுக்கும்.

தளத்துக்கென்று ஒரு சுருக்க விளக்கப் பக்கம் வைத்து, முதல் இடத்திலிருந்து அங்கே இணைப்பு கொடுப்பது நல்ல ஏற்பாடு. தொட்டால் திறக்கும் சிறு விளக்கப் பெட்டி வேண்டுமென்றால் அதை உண்மையான பட்டன் டேக்கில் கட்டுங்கள். கீபோர்டில் திறக்கவும் மூடவும் முடிய வேண்டும்.

சட்டம் இதைக் கேட்கிறதா என்றும் அறிய விரும்புவீர்கள். வலை உள்ளடக்க வழிகாட்டுதல்களில் சுருக்கங்களுக்கான விதி 3.1.4. 2008இல் வந்த 2.0 பதிப்பிலிருந்தே அது மிக உயர்ந்த மூன்று-ஏ (AAA) நிலையில் இருக்கிறது. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகளின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு அதற்கு ஒரு படி கீழான இரண்டு-ஏ (AA) நிலையைத்தான் அடிப்படையாகக் கொள்கிறது. ஆக, அரசுத் தளங்களுக்கே இது கட்டாயம் இல்லை. ஆனால் உங்கள் வாசகர் கேட்டுவிட்டார், அதற்கப்புறம் நிலை எதுவானால் என்ன.

கடைசியாக அக்ரோனிம். 1997இல் வந்த ஹெச்டிஎம்எல் 4 தரநிலையில் ஏபிபிஆர், அக்ரோனிம் இரண்டும் இருந்தன. சொல்லாக உச்சரிப்பது எது, எழுத்தெழுத்தாக உச்சரிப்பது எது என்று அன்று நடந்த சண்டைக்கு முடிவே இல்லை. போதாக்குறைக்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 ஏபிபிஆரை அடையாளமே காணவில்லை. அதனால் பலரும் எல்லாவற்றுக்கும் அக்ரோனிமையே போட்டார்கள். உங்கள் பழைய பக்கங்களில் இருப்பது அந்தக் காலத்து மிச்சமாகவோ, அப்போது எழுதிய வார்ப்புருவின் வாரிசாகவோ இருக்கும். 2006இல் வந்த 7ஆம் பதிப்பில் அந்தக் குறை நீங்கியது. 2014இல் ஹெச்டிஎம்எல்5 அக்ரோனிமைக் கைவிட்டது. உலாவிகள் இன்னும் காட்டுவதால் பக்கம் உடையாது, எனவே அவசரம் இல்லை. ஒரே கட்டளையில் அக்ரோனிம் எல்லாவற்றையும் ஏபிபிஆராக மாற்றிவிடலாம், அது சில நிமிட வேலை. முழுப்பெயரை வாக்கியத்தில் சேர்ப்பதைத்தான் கையால் செய்தாக வேண்டும். விண்ணப்பத் தேதி முடிந்துபோன அறிவிப்புகளை விட்டுவிட்டு, இப்போது திறந்திருப்பவற்றிலிருந்து தொடங்குங்கள். அவற்றிலும் காலியிட அட்டவணை உள்ளவற்றை முதலில் எடுங்கள். முடித்ததும் ஒரு பக்கத்தை, எழுதிக் கேட்ட அந்தத் தேர்வருக்கே அனுப்பி, இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.